நாயோடு வந்தவன் அளக்க வந்தவனில்லை

கீரமங்கலம் பக்கம் ஏதாவது ஒரு கொல்லையில் ட்ரைபாடை விரித்து நிறுத்திப் பாருங்கள். கேமராவை மாட்டி முடிப்பதற்குள் யாராவது வந்துவிடுவார். சைக்கிளை வரப்போரம் சாய்த்துவிட்டு, "எந்த ஊரு? என்னத்த அளக்கிறிய?" என்பார். கேட்பதில் கோபம் இருக்காது. ஆனால் பதில் சொல்லாமல் அந்த இடத்தைவிட்டு நகரவும் முடியாது.

காரணம் பக்கத்தில் இருக்கும் நெடுவாசல். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த செய்தி வந்ததும் அந்த ஊரே திடலில் வந்து உட்கார்ந்தது. வடகாடு, நல்லாண்டார்கொல்லை என்று போராட்டம் பரவியது. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து, புதுக்கோட்டை மாவட்டத்தின் சில ஒன்றியங்களும் அதற்குள் வந்தன. சட்டம் வந்தாலும் கண் பழகிவிட்டது. மூன்று காலில் நிற்கும் எந்தக் கருவியும் இங்கே நிலம் அளக்கிற கருவிதான். அதற்குப் பின்னால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருப்பவனைச் சந்தேகப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். அதன் பெயர் செவலை. செம்மண் நிறத்தில், ஒரு காது பாதி மடிந்த நாட்டு நாய். "நாயோட போனா யாரும் கேக்குறதில்லண்ணே. அளக்க வர்றவன் ஜீப்புல வருவான், நாயப் புடிச்சிக்கிட்டா வருவான்?" என்றார். அவரோடு நான் சுற்றியது மாசி மாதத்தில். அந்தப் பேச்சு எவ்வளவு உண்மை என்று முதல் காலையிலேயே தெரிந்தது. தூரத்தில் டார்ச் அடித்தவர் எங்களைப் பார்க்கவில்லை, செவலையைப் பார்த்தார். "ஸ்டூடியோக்காரரா, போங்க போங்க" என்று விளக்கைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்குச் சோறு போடுவது நிலக்காட்சி அல்ல. பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாண ஆல்பம். வேறு ஊர் ஸ்டூடியோக்கள் ஆடி மாதத்தில் ஈ ஓட்டும்; இங்கே அப்படியில்லை. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி என்றால் மொய் விருந்து. பந்தல், பிளெக்ஸ், கறிச்சாப்பாடு, மொய் எழுதுகிற மேசை, எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். செவலைக்கும் அந்த மாதம் எலும்புக்குக் குறைவில்லை. இந்த வேலைகளுக்கு நடுவில் கிடைக்கிற விடியற்காலைகளில்தான் அவர் தன் ஆசைக்காகக் கேமராவைத் தூக்குகிறார்.

முதலில் போனது முல்லைக் கொல்லைக்கு. கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குச் சுற்றுவட்டாரத்து மல்லி, முல்லை, காக்கரட்டான், சம்பங்கி, செண்டி எல்லாம் வந்து சேரும். அரும்பு விரிவதற்குள் பறித்துக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால் பெண்கள் இருட்டிலேயே இறங்கிவிடுகிறார்கள். நெற்றியில் கட்டிய டார்ச், இடுப்பில் மடிப்பை. இரண்டு கையும் செடிக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நண்பர் ஷட்டரைப் பதினைந்து விநாடி திறந்து வைத்தார். ஆட்கள் பதியாமல் நெற்றி வெளிச்சம் மட்டும் செடிக்கு மேலே கோடு கோடாக இழுத்துப் பதிந்தது.

"மூஞ்சி வருமா தம்பி?" என்றார் ஓர் அம்மா, நிமிராமலே.

"வராது ஆத்தா. வெளிச்சம் மட்டுந்தான் வரும்."

"மூஞ்சி வராட்டி அப்பறம் எதுக்கு எடுக்கிற?"

நண்பரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அந்த வெளிச்சக் கோடுகளைவிட அவருடைய முகம் நல்ல படமாக இருந்திருக்கும் என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. பூ விலை கிலோவுக்கு என்ன போகிறது என்ற பேச்சு வந்ததும் எங்களை மறந்துவிட்டார்கள்.

இந்தப் பக்கம் வீடுகள் தெருவாக மட்டும் இல்லை. தென்னந்தோப்புக்குள், பலாவடியில், போர் செட் பக்கத்தில் என்று கொல்லைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். வீட்டுக்கு ஒரு நாய். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை. நமக்குத் தெரியாத அந்த எல்லை செவலைக்குத் தெரியும். நடந்துகொண்டே வந்தது திடீரென நின்று, மடிந்த காதையும் தூக்கப் பார்த்தால் அங்கே அடுத்த கொல்லை தொடங்குகிறது. நண்பரும் அங்கேயே நின்றுவிடுவார். உள்ளேயிருந்து குரைப்பு வரும், அதன் பின்னால் யாராவது வருவார், இரண்டு வார்த்தை பேச்சு நடக்கும், பிறகு போகலாம். அவர் எடுத்த பல படங்களில் கேமரா நின்ற இடத்தை நாய்தான் தேர்ந்திருக்கிறது என்றால் மிகையில்லை. பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் இந்த யோசனையை ஏற்கமாட்டார்கள்.

நாயால் தொல்லையும் உண்டு. நீண்ட நேரம் ஷட்டர் திறந்திருக்கும்போது வாலாட்டி ட்ரைபாட் காலில் ஒரு தட்டுத் தட்டினால் படம் போச்சு. அதற்கு அவர் தோள் துண்டை எடுத்து நாலடி தள்ளித் தரையில் போடுகிறார். செவலை போய் அதில் சுருண்டு படுத்துக்கொள்கிறது. துண்டை எடுக்கும்வரை எழுந்திருப்பதில்லை. செம்மண்ணில் செம்மண் நிற நாய். சில படங்களில் அது எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டித்தான் தெரிந்தது.

குளமங்கலம் போனால் கதை வேறு. வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். அதன் முன்னால் முன்னங்காலைத் தூக்கிப் பாயும் முப்பத்துமூன்று அடி உயரக் குதிரை. மாசிமகத்துக்கு லாரிகளிலும் டிராக்டர்களிலும் காகிதப்பூ மாலைகள் வந்து, குதிரையின் உடம்பே தெரியாதபடி மூடிவிடும். நாங்கள் போனது திருவிழா முடிந்த பிறகு. ரோஸும் மஞ்சளும் பனியில் நனைந்து சாயம் இறங்கத் தொடங்கியிருந்தன. அந்தக் குதிரையை எடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தனியாக எடுத்தால் உயரம் தெரியாது, கொலு பொம்மையாகிவிடும். அளவு காட்ட அருகில் ஏதாவது வேண்டும். நண்பர் துண்டைக் குதிரையின் பீடத்தடியில் போட்டார். செவலை போய்ப் படுத்தது. வியூபைண்டரில் பார்த்தேன். குதிரை அப்படியே எழும்பி நின்றது. அய்யனார், கருப்பர் கோயில்களில் காவல் நாய்க்கு எப்போதும் இடமுண்டு என்பதால் பூசாரியும் ஒன்றும் சொல்லவில்லை. "வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துக்க" என்றதோடு சரி.

புதுக்கோட்டைச் சீமைக்குக் கேமரா புதிதல்ல. மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து எடுத்த படங்கள், புதுக்கோட்டைக் காட்சிகள் என்ற தனித் தொகுப்பாகவே 1858-ல் வந்தன. அவர் நெகட்டிவாகப் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு பூசிய தாள். வானம் வெறுமையாக வெளுத்துப் பதியும். அதனால் பர்மாவில் எடுத்த படங்களில் அவர் நெகட்டிவிலேயே கையால் மேகத்தைத் தீட்டியிருக்கிறார். இதை நண்பரிடம் சொன்னபோது, "அப்ப அவரும் நம்மாளுதான்" என்று சிரித்தார். கல்யாண ஆல்பத்தில் மேகம் மாற்றுவது அவருக்குத் தினசரி வேலை.

தமிழில் காட்டையும் கேமராவையும் நாயையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால் மா. கிருஷ்ணன்தான். அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்தவர். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட கேமராவில் கறுப்பு வெள்ளையாக யானைகளை எடுத்தவர். நம் நாட்டு நாயினங்களைப் பற்றியும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்த தியடோர் பாஸ்கரன், இந்திய நாயினங்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். இருவருக்கும் நாய் பிடிக்கும். ஆனால் காட்டுயிர் வாழும் இடத்தில் நாய்க்கு வேலை இல்லை என்பதும் அந்த மரபுக்குத் தெரிந்ததுதான்.

இங்கிருந்து கிழக்கே கடற்கரையோரம் போனால் கோடியக்கரை. வெளிமான்களுக்காக 1967-ல் சரணாலயமானது. நண்பருக்கு அந்தப் புல்வெளி மேல் தீராத ஆசை. ஆனால் செவலைக்கு அங்கே அனுமதி கிடையாது. துரத்துவது ஒருபுறம், நாய் கொண்டுவரும் நோய் இன்னொருபுறம். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, அவற்றில் பலவற்றின் உடலில் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படும் வைரஸ் அது. நாயோடு ஊர்சுற்றுவதைப் பெரிதாகக் கொண்டாடும் அமெரிக்காவிலேயே தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் சாலையையும் முகாமையும் தாண்டி நாயை விடுவதில்லை. எனக்கு இதில் இரண்டாவது கருத்து கிடையாது. நண்பருக்கு வருத்தம் மட்டும் உண்டு. கோடியக்கரை போகிற நாளில் செவலையை ஸ்டூடியோ வாசலில் கட்டிவிட்டுப் போகிறார். திரும்பி வந்ததும் கால்சட்டையை அது முகர்ந்து பார்ப்பதில் ஒரு விசாரணை நடக்கும்.

நாயோடு போகக்கூடிய காடு இங்கே மனிதர் வளர்த்த காடுதான். சேந்தன்குடியில் 'மரம்' தங்கசாமி வளர்த்த கற்பகச் சோலை அதில் பேர் பெற்றது. அவர் 2018 செப்டம்பரில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தது. தோப்புத் தோப்பாகத் தென்னை ஒரே திசையில் சாய்ந்து கிடந்தது, சோலையும் தப்பவில்லை. புயலுக்கு மறுநாள் முதல் நண்பர் எடுத்ததெல்லாம் நிவாரண மனுவோடு இணைக்க, விழுந்த மரங்களின் படம். அந்தப் படங்களைத் திறந்து காட்டினார். ஒரு கட்டத்தில், "போதும்ணே" என்று அவரே மூடிவிட்டார். நான் பார்த்த அவருடைய நிலக்காட்சிகளில் மிகச் சிறந்தவை அவைதான். எதையும் அழகாக்க அவருக்கு அன்று நேரம் இருந்திருக்காது.

இந்தப் படங்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கேலண்டர். பூக்கடைக்காரர்களும் உரக்கடைக்காரர்களும் சாமி படத்துக்குப் பதிலாக எப்போதாவது ஊர்ப் படம் கேட்பார்கள். ஒரு கமிஷன் கடைக்காரர் குளமங்கலம் குதிரைப் படத்தைப் பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறது, நாயை மட்டும் எடுத்துவிடு என்றாராம். எடுத்தால் குதிரை சின்னதாகிவிடும் என்று இவர் மல்லுக்கட்டியிருக்கிறார். மானிட்டரில் நாயை அழித்தும் வைத்தும் காட்டிய பிறகு கடைக்காரர் இறங்கி வந்தார். "சரி, நாய் கெடந்துட்டுப் போவுது. மேல வானம் சும்மாத்தான கெடக்கு? அங்க நம்ம கடை போன் நம்பரப் பெருசாப் போட்டுரு."