பெட்டகத்தில் ஓர் இரவு

லண்டனிலிருந்து பெர்லினுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆவதில்லை. சனிக்கிழமை காலை போய் ஞாயிறு இரவு திரும்பிவிடலாம் என்று நண்பன் சொன்னபோது, நாற்பத்தைந்தைத் தாண்டிய நாலு பேர் ஒரு நடன விடுதிக்காகக் கடல் கடப்பதா என்கிற கூச்சமே எங்களுக்கு முதலில் எழுந்தது. அவன் காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. மூன்று வருடங்களாக அவனுடைய செவித்திறன் தேய்ந்துகொண்டே வருகிறது. இரண்டு காதுகளிலும் கருவி.

"இருக்கறதையும் அங்க போய்த் தொலைக்கப்போறியா?" என்று எங்களில் ஒருவன் கோபித்துக்கொண்டான்.

"இருக்கறப்பவே போயிட்டு வந்துடறேன்டா" என்றான் அவன். அதன்பிறகு விவாதம் இல்லை. விசா, பயணச்சீட்டு, விடுப்பு எல்லாம் எப்படியோ நடந்தன.

தொண்ணூறுகளின் கடைசியில், கோவையில், ராஜாவா ரகுமானா என்று கல்லூரி விடுதி இரண்டாகப் பிரிந்து சண்டையிட்ட காலத்தில், இவன் மட்டும் சொற்களற்று ஒரே துடிப்பாய் நீளும் டெக்னோவைக் கேட்டுக்கொண்டிருப்பான். 'மாவு மில்' என்று கேலி செய்வோம். அவனுக்கு அது உறைத்ததே இல்லை. மாவு மில்லிலும் ஒரு தாளம் இருக்கிறது என்பான். டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பினக் கலைஞர்கள் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த ஊரிலிருந்து உருவாக்கிய இசை அது என்பதையெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் நான் அறிந்துகொண்டேன்.

அந்த இசைக்குப் பெர்லினில் கிடைத்த வீடுதான் டிரெஸோர். சொல்லுக்குப் பொருளே பெட்டகம். லைப்சிகர் வீதியில் வெர்ட்ஹைம் என்னும் யூதக் குடும்பத்தின் பிரம்மாண்டமான பல்பொருள் அங்காடி இருந்தது. நாஜிகள் அதைப் பறித்தார்கள், போர் சிதைத்தது, பிறகு சுவரை ஒட்டிய பாழ்நிலமாயிற்று. சுவர் விழுந்தபின், அதன் நிலத்தடியில் துருவேறிக் கிடந்த பெட்டக அறையை டிமித்ரி ஹெகெமானும் அவரது கூட்டாளிகளும் கண்டெடுத்து 1991இல் நடன அரங்காக்கினார்கள். கிழக்கும் மேற்குமாய் வளர்ந்த பிள்ளைகள் ஒரே இருட்டில் ஆடினார்கள். 2005இல் அது மூடப்பட்டு, 2007இல் கோபெனிகர் வீதியில் ஒரு பழைய அனல்மின் நிலையத்தில் மறுபடி திறந்தது. 2024இல் பெர்லின் டெக்னோவை ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. (அரசாங்கம் அங்கீகரித்துவிட்டால் கலகத்திற்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். எங்களுக்கும்தான்.)

க்ராய்ட்ஸ்பெர்க்கில் ஒரு துருக்கி உணவகத்தில் சாப்பிட்டோம். பாத்திரங்களின் ஓசை, பக்கத்து மேசைகளின் இரைச்சல். நகைச்சுவை ஒவ்வொன்றுக்கும் அவன் எங்களுக்கு அரை நொடி பிந்திச் சிரித்தான். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான் என்பது புரிந்தபிறகு எனக்கு ரொட்டி இறங்கவில்லை.

இறங்கிய நிலையத்தின் பெயர் ஹைன்ரிஷ் ஹைனே வீதி. நகரம் பிளவுபட்டிருந்த காலத்தில் மேற்கின் ரயில்கள் இங்கே நில்லாமல் கடந்து போகும். பேய் நிலையம் என்று அழைத்தார்கள். நாடு கடந்து பாரிசில் மடிந்த கவிஞனின் பெயர் அதற்கு அமைந்தது விசித்திரம்தான்.

வாசலில் அவன் இரு கருவிகளையும் கழற்றிச் சிறு பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்தான். காதில் செருகிகளை வைத்துக்கொண்டான். ஒலிபெருக்கிக்கு அருகே நிற்கக் கூடாது, அவ்வப்போது வெளியே வந்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். இத்தகைய இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த உச்சவரம்பு, சராசரியாக 100 டெசிபெல். வரும் வழியெல்லாம் அந்த எண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீண்ட சுரங்கப்பாதையைக் கடந்து கீழ் அறைக்குள் நுழைந்தோம். புகை, வெட்டிவெட்டி மின்னும் வெளிச்சம், கூடவே கொண்டுவரப்பட்ட பழைய பெட்டகங்களின் இரும்பு. அங்கே இசையைக் காது கேட்பதில்லை. விலா எலும்பு கேட்கிறது, பாதம் கேட்கிறது. நாங்கள் மூவரும் தடுமாறி நிற்க, அவன் கண்களை மூடி ஆட ஆரம்பித்தான். அரை நொடிகூடப் பிந்தவில்லை.

நடுவே மேல்தளத்து மதுக்கூடத்தில், விற்பனைப் பெண் எதையோ திரும்பத்திரும்பச் சொன்னாள். எங்கள் மூவருக்கும் ஓர் எழுத்தும் விளங்கவில்லை. சில மாதங்களாக உதட்டசைவைப் படிக்கக் கற்றுவந்தவன் அவன். அவள் வாயைப் பார்த்தான். காலி பாட்டிலைச் சுட்டி, அதற்கு முன்பணம், திருப்பித் தந்தால் காசு கிடைக்கும் என்று சைகையில் விளக்கினான். அந்தக் கட்டடத்தில் எல்லோரும் செவிடர்கள். பேச்சு புரிந்தவன் அவன் ஒருவன்தான்.

விடிந்தபின் ஸ்ப்ரே ஆற்றங்கரை வழியாக நடந்தோம். கருவிப் பெட்டியை நீட்டினேன். "அப்புறம்" என்று தலையசைத்தான். செருகி வேண்டாம் என்று வீம்பு பிடித்த நண்பன் இரண்டு காதுகளையும் மாறிமாறித் தட்டிக்கொண்டே வந்தான்.

"நீ பயந்த அளவுக்கு இல்லையேடா?" என்று இவன் அவனைக் கேட்டான்.

"என்ன சொன்னே?" என்றான் அவன்.