மடல் சென்று சேர வேண்டுமே!

அச்சடித்த மடலை ஒருவர் கையில் கொடுக்கும்பொழுது, அதைப் படிப்பதற்கு அவரிடம் அச்செழுத்துகள் இருக்கின்றனவா என்று நாம் கேட்பதில்லை. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலைப் படித்தவர்கள் அச்சுக்கூடம் வைத்திருந்தவர்கள் அல்லர். எழுத்தின் வடிவம் தாளிலேயே பதிந்து பயணம் செய்தது. கண்ணும் எழுத்தறிவும் இருந்தால் போதும். கணிப்பொறி வழியே அனுப்பும் மடலோ அப்படிப்பட்டதன்று. அனுப்புகிறவர் எழுதியது ஒன்றாகவும், பெறுகிறவர் திரையில் தோன்றுவது மற்றொன்றாகவும் இருக்கக்கூடும். இதை எனக்கு உணர்த்தியது எங்கள் பங்கு மடல்தான்.

நான்கே பக்கங்கள் கொண்ட சிறிய மாத மடல் அது. திருப்பலி நேரங்கள், திருமண அறிவிப்புகள், இறந்தோர் பெயர்கள், பங்குப் பேரவையின் வரவு செலவு ஆகியவை அதில் இடம்பெறும். பிழைப்புத் தேடி வளைகுடா நாடுகளுக்கும் பெங்களூருக்கும் சென்றுவிட்ட பிள்ளைகள், ஊர்ச் செய்தி அறியும் ஆவலோடு அதை மின்னஞ்சலில் கேட்டார்கள். அனுப்புவது எளிது; எந்த வகைக் கோப்பாக அனுப்புவது என்பதே சிக்கல். ஒருவரிடம் புதிய கணிப்பொறி. இன்னொருவரிடம் பத்தாண்டுப் பழையது. பெரும்பாலோரிடம் கைப்பேசி மட்டுமே.

மடலைத் தட்டச்சு செய்து தரும் இளைஞர், "வேர்டு கோப்பாவே அனுப்பிடலாமே, ஃபாதர்" என்றார். எங்கள் மடலோ அப்போது பழைய எழுத்துரு ஒன்றில் அடிக்கப்பட்டு வந்தது. அத்தகைய எழுத்துருக்களைப் பொறுத்தவரை, தான் காட்டுவது தமிழ் என்பதே கணிப்பொறிக்குத் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் விநோதக் குறிகளும் கலந்த குப்பையே காட்சி தரும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு பொதுக் குறியீடுகளை ஏற்றது. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த யுனிகோடு, பின்னர் எங்கும் பரவியது. 2010-இல் தமிழக அரசும் அதனை ஏற்றுக்கொண்டது. யுனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்கள் உள்ளன. ஆகவே பெறுகிறவரின் கருவி தன்னிடமுள்ள எந்தத் தமிழ் எழுத்துருவைக் கொண்டும் அவற்றைக் காட்டிவிடும். முதல் வேலையாக எங்கள் மடலை யுனிகோட்டுக்கு மாற்றினோம்.

எழுத்துச் சிக்கல் தீர்ந்தாலும் வேர்டு கோப்பில் வேறொரு தொல்லை இருந்தது. எழுத்துருவும் மென்பொருளும் மாறும்போது வரிகள் இடம்பெயர்ந்து, நான்கு பக்கம் ஐந்தாகிவிடும். "பேசாமல் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிடுவோம்" என்றார் பேரவை உறுப்பினர் ஒருவர். அப்போது எனக்கு எங்கள் பங்கின் முதியவள் ஒருத்தி நினைவுக்கு வந்தார். பார்வை முற்றும் மங்கிவிட்ட அவர், பேரன் வாங்கித் தந்த கைப்பேசி வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டே செய்திகளை அறிகிறவர். அவரிடம் கேட்டேன். "படமா வர்ற சேதி எதுவும் எனக்குப் பேசாது, சாமி. யார் தவறிட்டாங்கன்னுகூட அடுத்தவங்களைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிறேன்" என்றார். படத்திலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் கருவிகள் இன்று உண்டு. ஆயினும் அவை எல்லார் கையிலும் இல்லை, பிழையின்றிப் படிப்பதும் இல்லை. தன்னோடு படித்தவள் இறந்ததை அடக்கம் முடிந்தபின் அண்டை வீட்டார் வாயிலாக அறிவது எத்தனை வேதனை!

அடுத்து எண்ணிப் பார்த்தது பி.டி.எஃப். 1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட இவ்வகைக் கோப்பு, 2008-இல் பன்னாட்டுத் தர நிர்ணயமும் பெற்றது. எழுத்துருவையும் தன்னுள்ளேயே பொதித்து எடுத்துச் செல்ல வல்லது. ஆதலால் எந்தக் கணிப்பொறியிலும் பக்கம் குலையாது. அச்சிட்டுக்கொள்வதற்கு இதனினும் சிறந்தது இல்லை. ஆயினும், பெரிய தாளுக்கென அமைத்த பக்கத்தைக் கைப்பேசியில் விரல்களால் விரித்து விரித்துப் படிப்பது அலுப்பூட்டும் வேலை. அதைவிடப் பெரிய குறை உள்ளே மறைந்திருக்கிறது. 'கொ' என்னும் எழுத்தைத் திரையில் வரைவதற்கு முன்னும் பின்னுமாக மூன்று துண்டுகள் தேவை. சில மென்பொருள்கள் உருவாக்கும் பி.டி.எஃப். கோப்பில் வரைந்த துண்டுகளின் வரிசையே தங்கிவிடுகிறது; எழுத்தின் வரிசை தொலைந்துவிடுகிறது. கண்ணுக்கு முத்துமுத்தாகத் தெரியும் அதே வரியைக் கைப்பேசி வாய்விட்டுப் படித்தால் உளறலாகக் கேட்கும்.

இறுதியில் இரண்டையும் கொள்வது என முடிவு செய்தோம். மடலின் முழுச் செய்தியும் எளிய எழுத்தாக மின்னஞ்சலின் உடலிலேயே இருக்கும். அச்சிட விரும்புவோர்க்காகப் பி.டி.எஃப். கோப்பு இணைப்பாகச் செல்லும். எளிய எழுத்தில் பத்திகள் இல்லை, ஓரப்பூக்கள் இல்லை, கோவில் கோபுரப் படமும் இல்லை. வரவு செலவுக் கட்டங்கள் கலைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு தொகையையும் தனித்தனி வரியாக எழுதினோம். "மடல் பார்க்க அழகா இருக்க வேண்டாமா, ஃபாதர்?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கேட்டதும் நியாயமே. உழைத்து அமைத்த பக்கம் அது. ஆனால் அந்த அழகு இணைப்பில் பத்திரமாக இருக்கிறது. எழுத்தோ, சிறிய திரைக்கு ஏற்ப மடங்கவும், மங்கிய கண்ணுக்கு ஏற்பப் பெரிதாகவும், காணாத கண்ணுக்குக் குரலாகவும் மாறக் கூடியதாய் முன்னால் செல்கிறது.

எல்லார்க்கும் அனுப்பும் முன் மூவருக்கு மட்டும் முதலில் அனுப்பிப் பார்ப்பது இன்று எங்கள் வழக்கம்: பழைய கணிப்பொறி உள்ளவர் ஒருவர், கைப்பேசி மட்டுமே உள்ளவர் ஒருவர், அந்த முதியவள். முன்பு நான்காம் பக்கத்தின் அடியில் இருந்த இறந்தோர் பெயர்களை, அவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, மடலின் தலைப்பிலேயே வைத்திருக்கிறோம். மடல் தயாரிக்கும் அன்பர்களே, உங்கள் ஊரிலும் இப்படி மூவர் இருப்பார்கள். அடுத்த மடலை அனுப்பும் முன், "உங்களால் படிக்க முடிகிறதா?" என்று அவர்களை ஒருமுறை கேளுங்கள்.