பிள்ளைகள் காட்சிப்பொருள் அல்ல

ஜூலை 6, 2019, சியாம் ரீப், கம்போடியா

குழந்தைகள் மருத்துவமனையின் டெங்கு வார்டில் ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. காய்ச்சல் இறங்கியதும் தாய்மாரின் முகம் தெளிகிறது; இங்குள்ள நர்சுகளோ அப்போதுதான் கூடுதல் கவனமாகிறார்கள். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது அந்த நேரத்தில்தான். டிரிப்ஸ் குறைந்தால் ஷாக், கூடினால் நுரையீரலில் நீர். இந்தக் கணக்கு அவர்களுக்கு அத்துப்படி. என்னை அழைத்தது பச்சிளங்குழந்தைகளுக்கான சுவாசக் கருவியில் பயிற்சி தருவதற்கு. கேட்டதைச் சொல்லித்தந்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். வெளியாள் ஒருத்தியின் வேலைக்கு அந்த அளவு சரி.

ஜூலை 9

விடுதியில் பினாங்குத் தமிழ் மாணவிகள் இருவர். ஓர் அநாதை இல்லத்தில் ஒரு வாரம் ஆங்கிலம் கற்றுத்தரப் பணம் கட்டி வந்திருக்கிறார்கள். நல்ல மனசு. அதனால்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கம்போடியாவில் இத்தகைய இல்லங்களில் வளரும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருக்கிறார்கள். சோறும் படிப்பும் கிடைக்குமென்று நம்பி ஒப்படைத்த ஏழைகள் அவர்கள். வெளிநாட்டார் வருகையும் நன்கொடையும் பெருகப் பெருக இல்லங்களும் பெருகின. 2005-க்கும் 2010-க்கும் இடையில் மட்டும் 75 சதவீதம். காசு வருகிற வழி என்றால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப யாருக்கு மனம் வரும்? வாராவாரம் புதிய அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போக, ஒட்டிக்கொண்ட பிள்ளை ஒவ்வொரு முறையும் தவித்துப்போகிறது. பிள்ளைகளை இப்படி இல்லங்களில் சேர்த்து ஆதாயம் தேடுவதை நவீன அடிமைத்தனம் என்றே 2018-இல் ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது.

“அப்ப நாங்க என்னதான் செய்யலாம், அக்கா?” என்றாள் சின்னவள்.

ஜூலை 10

அவள் கேள்விக்குப் பதிலாக டாக்டர் பேட் ரிச்னரைப் பற்றிச் சொன்னேன். சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1975-இல் கெமர் ரூஜ் ஆட்சி வந்தபோது கம்போடியாவிலிருந்து வெளியேறியவர், திரும்பி வந்து 1992-இல் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனையை மறுபடி திறந்தார். அதற்காகவே வாழ்ந்தவர், சென்ற ஆண்டு காலமானார். சியாம் ரீப்பில் செல்லோ வாசித்து, சுற்றுலா வந்த இளைஞர்களிடம் ரத்தமும் மூத்தவர்களிடம் பணமும் கேட்டார். சிகிச்சை இன்றும் இலவசம். இப்போது அங்கே பணிபுரிவோர் ஏறக்குறைய எல்லாருமே கம்போடியர்கள். தொண்டு என்றால் இப்படி ஊர்க்காரர் கையில் போய்ச் சேர வேண்டும்.

மாணவிகள் இருவரும் மாலையில் ரத்தம் கொடுத்தார்கள்.

அங்கோர் வாட் பார்க்க வருகிறவர்களே, அநாதை இல்லங்களுக்குப் போகாதீர்கள். உடம்பில் தெம்பிருந்தால் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய் ரத்தம் கொடுங்கள்.