லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது?

2024 டிசம்பர் 18 மாலை. மும்பையில் எலிஃபென்டா தீவுக்கு நூற்றுக்கும் மேற்பட்டோருடன் போன நீல்கமல் படகு மீது, இன்ஜின் சோதனையில் இருந்த கடற்படைப் படகு மோதியது. 15 பேர் இறந்தார்கள். பலர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை என்று தப்பியவர்கள் சொன்னார்கள். டெஸ்க்கில் அந்த வரியை டைப் செய்தபோது, அம்மாவுடன் போன கப்பல் பயணம் ஞாபகம் வந்தது.

2022-ல் சென்னையிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பல் அது. கவுஞ்சி பூண்டுக் காட்டைவிட்டு அம்மா வந்ததே பெரிய விஷயம். ஏறியதும் ஏழு குட்டி ஹார்ன், ஒரு நீண்ட ஹார்ன். எல்லோரையும் கூட்டி, ஜாக்கெட் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். "ஸ்கூல் மாதிரி நிக்க வைக்கிறாங்களே" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். அம்மா மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்தார். "நம்மூரு பஸ்ல எந்த வளைவு எங்க வரும்னு எனக்குத் தெரியும். இங்க என்ன தெரியும்? சொல்றதைக் கேட்டுக்கடி."

அந்தப் பயிற்சிக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும்.

கப்பலில் கூப்பிட்டுச் சொல்லித் தருகிறார்கள். ஒரு மணி நேரப் படகுச் சவாரியில் நாம்தான் கேட்க வேண்டும். இந்த லீவில் படகு ஏறினால், செல்ஃபிக்கு முன் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். குழந்தைக்கு அதன் அளவிலேயே கேளுங்கள்.