புறப்படும் முன்பே முடிகிற வேலை

மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரிக்குள் இருக்கும் கராங் தீவுக்குச் சாலை வழியாகப் போனால் 26 கிலோமீட்டர். வானத்தில் 15 கிலோமீட்டர்தான். 2021 அக்டோபர் 4 அன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஐ-ட்ரோன் திட்டத்தில், கொரோனா தடுப்பூசிகள் இந்தத் தூரத்தை 12 முதல் 15 நிமிடத்தில் கடந்தன. செய்தி படித்தவர்கள் வேகத்தைக் கண்டு வியந்தார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு முதலில் உறைத்தது வேறொன்று: அந்த 15 கிலோமீட்டரில் பெரும்பகுதி, ட்ரோனை இயக்கியவரின் கண்ணுக்கு ட்ரோன் தெரிந்திருக்காது. பார்வைக்கு அப்பால் பறக்கவிடுவதை நாங்கள் பிவிஎல்ஓஎஸ் என்போம். பார்வைக்குள் ஓட்டுவதையே இன்னும் நீண்ட தூரத்துக்குச் செய்வது என்று பலரும் இதை நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இது வேறு தொழில். இதில் பைலட்டின் திறமை ரிமோட்டைப் பிடித்த விரல்களில் இல்லை. ட்ரோன் தரையைவிட்டு எழும்பும் முன்பு அவர் எடுத்து வைக்கிற முடிவுகளில் இருக்கிறது.

கண்ணால் பார்த்து ஓட்டுவதுதானே பாதுகாப்பு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, உலகின் பெரும்பாலான ட்ரோன் சட்டங்கள் அந்த நம்பிக்கையில்தான் எழுதப்பட்டன. ஆனால் கண் எவ்வளவு தூரம் பார்க்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மீட்டர் அகலமுள்ள ட்ரோன் 500 மீட்டர் தள்ளி நிற்கும்போது, முழு நிலவின் விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தெரியும். ஒரு புள்ளி. அதன் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்பதெல்லாம் அதற்கு முன்பே கண்ணுக்குப் பிடிபடாமல் போய்விடும். அருகில் வேறு விமானம் வந்தால் கவனிக்க ஆகாயத்தைப் பார்க்கும் கண் மிகவும் தேவை. அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கண்ணின் வேலையை எடுத்துக்கொள்ள வேறு ஏற்பாடு இல்லாத வான்வெளியில் பிவிஎல்ஓஎஸ் பறக்கவே கூடாது. ஆனால் ட்ரோனின் நிலையைத் தெரிந்துகொள்ளும் விஷயத்தில், நாம் இழப்பதாக நினைக்கும் பார்வை சில நூறு மீட்டரிலேயே தீர்ந்துபோன ஒன்று.

அதற்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது திரை. திரை பொய் சொல்லாது. ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். காற்றில் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிற, இறக்கை வைத்த ட்ரோன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேட்டரி 30 நிமிடம் தாங்கும். போகவேண்டியது 15 கிலோமீட்டர். காற்றில்லாத நாளில் போக வர 25 நிமிடம். ஐந்து நிமிடம் கையிருப்பு. இப்போது விநாடிக்கு 10 மீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்று வையுங்கள். ட்ரோன் 8 நிமிடம் 20 விநாடியில் போய்ச் சேர்ந்துவிடும். திரையில் பேட்டரி 70 சதவீதத்துக்கு மேல் காட்டும். வழக்கத்தைவிட நல்ல எண்! ஆனால் திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கிறது. தரைவேகம் விநாடிக்கு 10 மீட்டராக விழுந்துவிடுகிறது. திரும்பி வர மட்டும் 25 நிமிடம் வேண்டும். மிச்சம் இருப்பதோ 21 நிமிடம் 40 விநாடி. வீட்டுக்கு 2 கிலோமீட்டர் முன்பாக, யாருடைய வயலிலோ கூரையிலோ அது இறங்கும். எல்லா எண்களும் பச்சையாக இருந்த அந்த நேரத்தில் தோல்வி ஏற்கெனவே முடிவாகிவிட்டிருந்தது. அதைத் தவிர்த்திருக்கக்கூடிய ஒரே இடம், காலையில் மேல்காற்றின் திசையைப் பார்த்து, “இந்தக் காற்றுக்கு இன்று பறக்க வேண்டாம்” என்று சொல்லியிருக்கக்கூடிய மேசை.

சிக்னல் அறுந்தால் என்ன செய்வது என்பதும் அப்படித்தான். அறுந்தபிறகு யோசிக்க நேரமில்லை. யோசித்தாலும் ட்ரோனிடம் சொல்ல வழியில்லை. முன்பே எழுதி ஏற்றியதைத்தான் அது செய்யும். திரும்பி வரும் உயரம் 120 மீட்டர் என்று போட்டால், பல ட்ரோன்கள் அதைப் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடும், கீழே இருக்கும் நிலத்திலிருந்து அல்ல. வழியில் 90 மீட்டர் உயரும் மலைச்சரிவு இருந்தால் அதற்கு மேல் எஞ்சுவது 30 மீட்டர். ஒரு பனைமரம் அல்லது மின்கோபுரம் போதும். மாற்று ஏற்பாட்டையே நம்பிவிடக் கூடாது என்பதற்குச் சூரிக் நகரம் சாட்சி. மருத்துவமனைகளுக்கு இடையே மாதிரிகளைக் கொண்டுபோன ட்ரோன் ஒன்று 2019 ஜனவரியில் பாராசூட்டை விரித்து ஏரியில் இறங்கியது. அதே ஆண்டு மே மாதம் இன்னொன்றுக்குக் கோளாறு வந்தபோதும் பாராசூட் விரிந்தது, ஆனால் அதன் கயிறு அறுந்தது. சிறு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்த இடத்துக்கு அருகில் அது விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. கயிறு அறுந்த அந்தக் கணத்தில், உலகின் மிகச் சிறந்த பைலட் ரிமோட்டைப் பிடித்திருந்தாலும் எதுவும் செய்திருக்க முடியாது.

எல்லாம் முன்பே முடிவாகிறது என்றால் பைலட் எதற்கு, ஒருவரே இருபது ட்ரோனைப் பார்த்துக்கொள்ளலாமே என்பது அடுத்த கேள்வி. ருவாண்டா இதற்கு உதாரணமாகக் காட்டப்படும். அங்கே 2016 முதல் முஹங்கா தளத்திலிருந்து ரத்தம் ட்ரோனில் போகிறது. மருத்துவமனைகளில் ரத்தப் பொருட்கள் காலாவதியாகி வீணாவது 67 சதவீதம் குறைந்ததாக 2022இல் ஆய்வு வெளியானது. உயிர் காக்கும் வேலை. இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஒருவர் பல ட்ரோன்களைப் பார்ப்பதும் முடியாத காரியமல்ல. ஆனால் எத்தனை என்று கணக்கிடுகிறவர்கள், கோளாறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். காற்று அப்படி வருவதில்லை. திடீரென்று மழைமேகம் திரண்டால் அந்தப் பகுதியில் இருக்கும் எல்லா ட்ரோன்களுக்கும் ஒரே நேரத்தில்தான் சிக்கல். அமைதியான நாளில் ஒருவர் எத்தனையைப் பார்க்க முடிகிறது என்பதை வைத்து எண்ணிக்கையை முடிவு செய்யக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் இறக்கவேண்டி வந்தால் எத்தனைக்கு அவரால் இடம் பார்த்துச் சொல்ல முடியும் என்பதே அளவு. அந்த இடங்களையும் அவர் முந்தின நாளே குறித்து வைத்திருக்க வேண்டும்.

பயிற்சியில் சேர வரும் இளைஞர்கள் எல்லோரும், எத்தனை மணி நேரம் பறக்கவிடுவீர்கள் என்று கேட்கிறார்கள். அதைக் கேளுங்கள், தவறில்லை. கூடவே, மேல்காற்றுக் கணக்குப் போடவும், வரைபடத்தில் மலையையும் மின்கம்பியையும் அடையாளம் காணவும், பறக்க வேண்டாம் என்று முடிவெடுக்கவும் எத்தனை நாள் சொல்லித் தருவீர்கள் என்றும் கேளுங்கள். பதில் இல்லை என்றால் அங்கே சேராதீர்கள்.