ஈரமும் அளவும்

மழையை எதிர்பார்த்து வாழும் மாவட்டம் இராமநாதபுரம். கண்மாய் நிறைந்த ஆண்டு, நிறையாத ஆண்டு என்றே இங்கு காலத்தை நினைவில் வைக்கிறோம். ஆதலால் தண்ணீர் மிகுந்தாலும் கேடு உண்டு என்பதை நம் மனம் எளிதில் ஏற்பதில்லை. அதனை எங்களுக்குக் கற்பித்தது காளான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கரையில் நிற்கும். வருவாய் குறையும் அந்தக் கோடையில் கரையோரக் குடும்பங்கள் சிலவாகச் சேர்ந்து பால்காளான் வளர்க்கிறோம். வெயிலைத் தாங்கும் இனம் அது. அருப்புக்கோட்டையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தின் ஏ.பி.கே.2 இரகம் 1998-இல் வெளிவந்தது.

வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் உலர்த்துகிறோம். பைகளில் நிரப்பும்போது ஈரம் 65 விழுக்காடு இருத்தல் வேண்டும். அதனினும் மிகுந்தால் துண்டுகளுக்கு இடையே உள்ள காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். வித்திலிருந்து கிளம்பும் வெண்ணிழைகள் மூச்சுவிடுபவை. காற்றின்றி அவை தளர, பை புளித்து நாறும். பச்சைப் பூசணம் படரும். ஈரம் குறைந்தாலோ இழை பாதியில் நின்றுவிடும். காளானின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீரன்றோ!

அளவை அறியக் கையே கருவி. ஒரு பிடி வைக்கோலை இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் சொட்டு விழக்கூடாது. உள்ளங்கை மட்டும் நனைந்திருக்க வேண்டும். கடிகாரத்தை நம்ப இயலாது. ஆடிக் காற்றில் விரைந்து உலரும் வைக்கோல், கார்த்திகை அடைமழையில் நெடுநேரம் நனைந்தே கிடக்கும். உவர்நீரும் உதவாது. உலரும்போது நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். எனவே குடத்தில் சுமந்து வரும் நல்ல தண்ணீரையே இதற்கும் செலவிடுகிறோம். ஒரு பை கெட்டால் அந்தத் தண்ணீரும், வித்தும், பல நாள் உழைப்பும் ஒருசேரப் போகும்.

இரக்கமுள்ளவரை ‘நெஞ்சில் ஈரம் உள்ளவர்’ என்கிறோம். அந்த ஈரத்திற்கும் அளவு உண்டு போலும். வறண்ட கை எதனையும் வளர்ப்பதில்லை. அள்ளிச் சொரியும் கையோ, பெறுபவர் மூச்சுவிட இடம் வைப்பதில்லை. பிள்ளை வளர்ப்பிலும், ஏழைக்கு உதவுவதிலும் நாம் கற்க வேண்டியது இந்த உள்ளங்கை ஈரமே.