நசுங்கிய வடிகட்டி

மோட்டார் வண்டிக்குரிய எண்ணெய் வடிகட்டியில் வண்ணம் உரிந்திருத்தலும், எழுத்து அழிந்திருத்தலும் தோற்றக் குறைகளே. அவற்றை யாம் பொருட்படுத்துவதில்லை. கூடு நசுங்கியிருத்தல் அவ்வினத்ததன்று. சுழற்றிப் பூட்டும் வடிகட்டிக்கு அத்தகரக் கூடு வெறும் உறையன்று; எண்ணெயின் அழுத்தத்தைத் தாங்கும் கலமும் அதுவே.

பம்பு உந்தும் எண்ணெய், அடித்தட்டின் ஓரத்துச் சிறு துளைகளாற் புகுந்து, மடிப்புக் காகிதத்தை ஊடுருவி, நடுத்துளை வழியே எஞ்சினுக்கு மீள்கின்றது. வண்டி ஓடுங்கால் அழுத்தம் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 இராத்தல் வரை நிற்கும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புங்கால், எண்ணெய் தடித்திருத்தலின், இன்னும் மிகும். அழுத்தம் ஏறியிறங்குந்தோறும் நசுங்கிய தகடு சிறிது அசையும். கம்பியை வளைத்து நிமிர்த்தி முறிப்பாரைக் கண்டோர்க்கு மேலும் விளக்க வேண்டுவதில்லை.

அண்மையில் எமக்கு வந்த வடிகட்டி ஒன்று, அடிமடிப்புக்கு இருவிரல் மேலே, கட்டைவிரல் பதியுமளவு குழிந்திருந்தது. “மேலே பட்ட அடிதானே, ஐயா, உள்ளே ஒன்றுமில்லை” என்றார் விற்றவர். உள்ளே காகிதம் பழுதுற்றதோ இல்லையோ என்பதைக் கூட்டை அறுத்தன்றோ அறியலாகும்? அறுத்தபின் பூட்டுவது எங்ஙனம்! திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

நசுங்கியவை பல தீங்கின்றி உழைத்திருக்கலாம், அதனை மறுக்கோம். ஆயினும் கூடு வெடிப்பின் எண்ணெய் சில நிமிடங்களில் வெளியேறிவிடும். எண்ணெயற்ற பேரிங்குகள் தேய்ந்து பற்றிக்கொள்ளும். வடிகட்டியின் விலை சில நூறு ரூபாய். எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடும் செலவோ பல்லாயிரம். உடனே வேறொன்று கிடையாத ஊராயின், கசிவில்லாத பழைய வடிகட்டியையே இன்னுஞ் சின்னாள் விட்டுவைத்தல் நன்று. அஃது அழுக்கேறியதாயினும் கூடு பழுதற்றது.